இரு மொழிக்கு நடுவே நின்றவர்கள்: துபாஷிகளின் பணியும் பழியும்

முன்னுரை

சென்ற ஆண்டு நம் மாணவர் ஒருவர் நம்மிடம் ஒரு வினாவோடு வந்தார். அவர் இல்லத்தில் பேசுவது உருது. வெளியில் பேசுவது தமிழ். பவானிப் பகுதியில் விசைத்தறிக் கூடம் ஒன்றில் பணிபுரியும் வடமாநிலத் தொழிலாளி ஒருவர் காய்ச்சலுற்றபோது, மொழிபெயர்த்துச் சொல்வதற்காக அவருடன் மருத்துவமனைக்குச் சென்றிருக்கிறார். "முன்பு எழுதிக் கொடுத்த மாத்திரைகளை முழுவதும் சாப்பிட்டாரா?" என்று மருத்துவர் கேட்டார். "இரண்டு நாளைக்குத்தான் வாங்க முடிந்தது; மீதிக்குக் காசில்லை" என்பது தொழிலாளியின் விடை. சுற்றிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். மாணவர், "சாப்பிட்டார், ஐயா" என்று மட்டும் தமிழில் கூறிவிட்டார். மருந்து பயன்தரவில்லை போலும் என்றெண்ணிய மருத்துவர், அதனினும் வீரியமும் விலையும் மிகுந்த மருந்தை எழுதித் தந்தார்.

"அவருடைய மானத்தைக் காக்கத்தானே அப்படிச் சொன்னேன்! நான் செய்தது பிழையா, ஐயா?" என்பதே மாணவரின் வினா.

உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. ஆயினும் அவ்வினா புதியதன்று என்பது மட்டும் தெரிந்தது. பேரரசுகளின் அவைகளில், இரு மொழிக்கு நடுவே நின்று வாழ்ந்தும் வீழ்ந்தும் போனவர்கள் பலர். அவர்தம் வரலாற்றின் வழியே அவ்வினாவுக்கு விடை தேடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

துபாஷி என்னும் சொல் இரு மொழி அறிந்தவர் என்று பொருள்படும். வடநாட்டு வழக்கிலிருந்து வந்து, பதினெட்டாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையெங்கும் நிலைத்த சொல் இது. அக்காலத் துபாஷி வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர். ஐரோப்பியக் கம்பெனிக்குச் சரக்குத் தேடித் தருபவர், கடனுக்குப் பிணை நிற்பவர், அரசர்களின் மனநிலையை அறிந்து சொல்பவர் எனப் பல பணிகள் ஒருவரிடமே குவிந்திருந்தன.

அரபு மொழியில் மொழிபெயர்ப்பாளரைத் தர்ஜுமான் என்பர். நம் இல்லங்களில் வழங்கும் தர்ஜமா என்ற சொல்லும் இதே வேரினது. மேலைநாட்டார் நாவில் தர்ஜுமான் என்பது திரகோமன் எனத் திரிந்தது. அவ்வாறே, இன்று வழக்கறிஞரைக் குறிக்கும் வக்கீல் என்னும் சொல் அக்காலத்தில் ஓர் அரசவையினின்று மற்றோர் அரசவைக்கு அனுப்பப்பெற்ற பேராளரையும் குறித்தது.

தூதுரைப்பவரைத் தமிழ் மரபு இரு வகையினராகப் பிரித்துக் காண்கிறது. திருக்குறளின் 69ஆம் அதிகாரமான தூதுக்கு உரை வகுத்த பரிமேலழகர் இப்பாகுபாட்டைச் சுட்டுவார். சூழலறிந்து தாமே வகுத்துக் கூறுபவர் ஒருவகையினர். சொல்லியனுப்பியதை மாற்றாது கூறுபவர் மற்றொரு வகையினர். மொழிபெயர்ப்பாளர் இரண்டாம் வகையைச் சார்ந்தவர். ஆனால் இரு தரப்பாரும் அவர் வாயையே நம்பியிருக்கும்போது, அவர் முதல்வகைக்குத் தாவுவது மிக எளிது. துபாஷிகளின் உயர்வும் தாழ்வும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிகழ்ந்தன.

உதுமானியப் பேரரசின் கிரேக்கர்கள்

உலக வரலாற்றில் இப்பணிக்குப் பெயர்பெற்றவர்கள் உதுமானியப் பேரரசின் கிரேக்கர்கள் ஆவர். 1453இல் சுல்தான் இரண்டாம் முஹம்மது கான்ஸ்தந்தினோப்பிளைக் கைப்பற்றிய பின்னரும், கிரேக்கக் கிறிஸ்தவர்கள் தம் திருச்சபைத் தலைவரோடு அந்நகரில் வாழ்ந்து வந்தனர். திருச்சபைத் தலைமையகம் அமைந்த பனார் என்னும் பகுதியில் செல்வ வணிகக் குடும்பங்கள் சில தழைத்தன. அக்குடும்பத்துப் பிள்ளைகள் இத்தாலிக்குச் சென்று மருத்துவமும் தத்துவமும் பயின்றனர். இலத்தீன், இத்தாலியம் முதலிய மொழிகளோடு திரும்பினர். உதுமானிய அவையினர் துருக்கி, அரபு, பாரசீகம் ஆகியவற்றில் வல்லவர்களாயினும் ஐரோப்பிய மொழிகளைக் கற்பதில் நாட்டம் காட்டவில்லை. தொடக்கத்தில் ஐரோப்பாவினின்று வந்து இஸ்லாத்தைத் தழுவியவர்களே அவ்விடைவெளியை நிரப்பினர். அவர்களுக்குப் பின் பனார்க் கிரேக்கர்கள் அந்த இடத்தைப் பெற்றனர்.

பதுவா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற பனயோட்டிஸ் நிகூசியோஸ் 1661இல் அவையின் தலைமை மொழிபெயர்ப்பாளரானார். அவருக்குப் பின் 1673இல் அப்பதவியேற்ற அலெக்சாந்தர் மவ்ரொகொர்தாத்தோஸ் குருதியோட்டத்தைப் பற்றி ஆய்வேடு எழுதிய மருத்துவர். 1683இல் வியன்னா முற்றுகை தோல்வியுற்றபோது, போரை நடத்தாத அவரும் சிறைப்பட்டார். பின்னர் மீண்டும் பதவி பெற்றார். 1699இல் கார்லோவிட்ஸ் உடன்படிக்கையின்போது உதுமானியப் பேராளர்களுள் ஒருவராகவே அமர்ந்தார். "எதிர்த்தரப்பாரே முதலில் அமைதியை நாடுகின்றனர்" என்று இரு தரப்பாரிடமும் அவர் தனித்தனியே கூறி நம்பவைத்தார் என்றொரு செய்தி உண்டு. அஃது உண்மையாயின், வகுத்துக் கூறுதலுக்கு அதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. இரகசியங்களின் காப்பாளர் என்னும் பட்டமும் அவருக்குக் கிட்டியது. அவர் மகன் நிக்கோலாஸ் இன்றைய ருமேனியப் பகுதிகளை ஆளும் பதவிக்கே உயர்ந்தார்.

எனினும் அவ்வுயர்வு நிலையற்றது என்பதை 1821ஆம் ஆண்டு காட்டியது. கிரேக்க நாட்டில் விடுதலைக் கிளர்ச்சி மூண்டதும், அப்போது தலைமை மொழிபெயர்ப்பாளராயிருந்த கான்ஸ்தந்தின் முருசிஸ் மரண தண்டனைக்கு ஆளானார். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் கிரேக்கர் வசமிருந்த அப்பதவி அவர்களை விட்டு நீங்கியது. அரசு தன் சொந்த அலுவலர்களுக்கு ஐரோப்பிய மொழிகளைக் கற்பிக்க மொழிபெயர்ப்பு அலுவலகம் ஒன்றை ஏற்படுத்தியது. பிறர் நாவை நம்பி ஓர் அரசு நீண்ட காலம் நடைபெற இயலாது என்ற உணர்வு அதன்பின்னரே அவர்களுக்கு வந்தது எனலாம்.

இதே அறிவு இஸ்லாமிய வரலாற்றின் தொடக்கத்திலேயே காணப்படுவது ஈண்டு நினைக்கத்தக்கது. பிறமொழியில் வரும் மடல்களைப் படிக்கவும் விடை வரையவும் நம்பிக்கைக்குரிய ஒருவர் வேண்டும் என்று கருதிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், இளைஞரான ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு பணித்தார்கள். அவர்கள் அரை மாதத்திற்குள் அதனைக் கற்றுத் தேர்ந்தார்கள் என்பது ஹதீஸ் தரும் செய்தி.

புதுச்சேரி தந்த பாடம்

தமிழகத்தில் துபாஷிகளின் வரலாற்றுக்குத் தலைமையான களம் புதுச்சேரி. அங்குப் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்தவர் நைனியப்ப பிள்ளை. அவரை அப்பதவியில் அமர்த்திய ஆளுநர் எபேர் என்பவரே, 1716இல் அவரைக் கைது செய்தார். கலகத்தைத் தூண்டினார் என்பதும் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்பதும் குற்றச்சாட்டுகள். அவ்வழக்கு நடைபெற்ற முறை கருதத்தக்கது. தமிழில் கூறப்பட்ட சாட்சியங்கள் போர்த்துகீசிய மொழி வழியாகப் பிரெஞ்சில் எழுதப்பட்டன. தாம் படித்தறிய இயலாத தாள்களில் சாட்சிகள் கையொப்பமிட்டனர். தாம் சொன்னதுதான் எழுதப்பட்டிருக்கிறதா என்று சரிபார்க்க அவர்களுக்கு வழியில்லை.

பிறருக்காக மொழிகளைக் கடந்து பேசி உயர்ந்தவர், தமக்கென ஒரு வழக்கு வந்தபோது மொழிகளுக்கிடையே சிக்குண்டார். ஊரறிய ஐம்பது கசையடியும் மூன்றாண்டுச் சிறையும் அவருக்கு விதிக்கப்பட்டன, உடைமைகள் பறிபோயின. 1717இல் அவர் சிறையிலேயே இறந்தார். அவருடைய மக்கள் தொடர்ந்து முறையிட்டதன் பயனாக, அத்தீர்ப்பு பின்னர் பிரான்சில் மாற்றப்பட்டது. மகன் குருவப்ப பிள்ளை பிரான்சுக்கே சென்று சிறப்புப் பெற்றுத் திரும்பித் தந்தையின் பதவியை வகித்தார். ஆனால் இறந்தவருக்கு அத்தீர்ப்பால் ஆவது யாது?

நைனியப்பருக்கு உறவினரான திருவேங்கடம் பிள்ளையின் மகனே, தமிழ் மாணவர் அனைவரும் அறிந்த ஆனந்தரங்க பிள்ளை (1709-1761). தம் குடும்பத்தில் நிகழ்ந்த இக்கொடுமையை அவர் இளமையிலேயே அறிந்திருத்தல் வேண்டும். 1736 செப்டம்பரில் தொடங்கி, சாகும் வரையில் ஏறத்தாழக் கால்நூற்றாண்டு அவர் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வரவு, சரக்கு விலை, ஆளுநரின் கோபம், நவாபின் மடல், ஊர்ப் பூசல், கனவு, சகுனம் என எதனையும் அவர் விடவில்லை. யார் என்ன கேட்டார், தாம் என்ன விடை சொன்னார் என்பதை உரையாடல் வடிவிலேயே எழுதிவைத்தார். அக்காலப் பேச்சுத் தமிழும் அதிற்கலந்த பாரசீக, போர்த்துகீசிய, பிரெஞ்சுச் சொற்களும் அதில் உள்ளவாறே பதிவாகியுள்ளன. தமிழ் உரைநடை வரலாற்றில் அந்நாட்குறிப்புக்குத் தனியிடம் உண்டு.

அவர் ஏன் இவ்வளவு விரிவாக எழுதினார்? தம் நினைவுக்காக என்பர் சிலர். வணிகக் கணக்குப் போல என்பர் சிலர். சொன்னது இன்னது, சொல்லாதது இன்னது என்பதற்கு மொழிபெயர்ப்பாளனிடம் வேறு சான்று இராது என்பதும் ஒரு காரணமாகலாம் என நாம் கருதுகிறோம். பேச்சு காற்றோடு போய்விடும். பழி மட்டும் நின்றுவிடும்.

ஆளுநர் தூய்ப்ளேயின் காலத்தில் (1742-1754) அவர் செல்வாக்கு உச்சத்தை எட்டியது. முன்னைய துபாஷி கனகராய முதலியார் 1746இல் மறைந்தபின் அப்பதவி அவரை அடைந்தது. முஸாபர் ஜங் அவருக்கு மூவாயிரம் குதிரைக்குரிய மன்சப் பட்டத்தை வழங்கினார். பல்லக்கில் ஏறி ஆளுநர் மாளிகைக்குள் செல்லும் உரிமையும் அவருக்கு இருந்தது. ஆயினும் அவர் நாட்குறிப்பைப் படிப்பவர் அதில் காண்பது பெருமிதத்தை மட்டுமன்று, அச்சத்தையும் காணலாம். தூய்ப்ளேயின் மனைவி தமிழ் பேச வல்லவர். ஆளுநருக்குத் தெரியாத மொழி அவர் மனைவிக்குத் தெரிந்திருந்தபடியால், துபாஷியின் வழியன்றி வேறொரு வழியும் ஆளுநரின் செவிக்கு இருந்தது. அவ்வழி பிள்ளைக்கு ஓயாத கவலையைத் தந்தது. இறுதியில் செல்வாக்கு இழந்து நோயுற்ற அவர், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்த அதே 1761 ஜனவரியில் காலமானார்.

சென்னையில் இருவர்

சென்னைத் துபாஷிகளுள் இருவரை ஒப்பிட்டுக் காண்பது பயன் தரும். ஒருவர் அவதானம் பாப்பையா. 1789, 1790ஆம் ஆண்டுகளில் சென்னை ஆட்சியில் ஓங்கியிருந்த ஹாலண்டு சகோதரர்களின் துபாஷி அவர். தமக்கு இடையூறாயிருந்த ஹாலிபர்ட்டன் என்னும் கம்பெனி அதிகாரியின்மீது பொய்க் குற்றம் சுமத்தச் சதி செய்தார் என 1792இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் பெயர் கடல் கடந்து சென்று, வால்டர் ஸ்காட்டின் புதினம் ஒன்றிலும் இடம்பெற்றது.

மற்றவர் பச்சையப்ப முதலியார் (1754-1794). எளிய குடும்பத்தில் பிறந்து, துபாஷியாகப் பெரும்பொருள் ஈட்டி, நாற்பதாம் வயதிலேயே இறந்தார். அறத்திற்கென அவர் எழுதிவைத்த சொத்து நெடுங்காலம் வழக்குகளில் கிடந்து, 1842இல் கல்விக்கூடமாக உருப்பெற்றது. அஃதே இன்று பச்சையப்பன் கல்லூரியாக விளங்குகிறது. ஒரே தொழில், ஒரே நகரம், ஏறத்தாழ ஒரே காலம். ஒருவர் பெயர் வழக்கேட்டில் நிற்கிறது. மற்றவர் பெயர் கல்லூரி வாயிலில் நிற்கிறது.

கொங்கு நாட்டின் வழியே

கடற்கரையை விட்டு நம் கொங்கு நாட்டிற்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இந்நாடு மைசூர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. தாசில்தார், ஜமாபந்தி, பசலி, கச்சேரி, அமீனா என்று இன்றும் நாம் வழங்கும் ஆட்சிச் சொற்கள் அக்காலப் பன்மொழி அலுவலர்கள் விட்டுச்சென்றவை. பவானிக்குப் புகழ் சேர்க்கும் ஜமக்காளம் என்ற சொல்லும் உருது வழி வந்ததே. இந்நாட்டை ஆண்ட திப்பு சுல்தான் 1786இல் குலாம் அலிகான் தலைமையில் தூதுக்குழு ஒன்றைக் கான்ஸ்தந்தினோப்பிளுக்கு அனுப்பினார். மேலே நாம் கண்ட மொழிபெயர்ப்பாளர்களின் நகரம் அது.

அதற்கும் முன்னர், 1779இல் நிகழ்ந்தது ஒன்று. சென்னை ஆளுநர் ரம்போல்டு, ஹைதர் அலியின் உள்ளக்கிடக்கையை அறிய ஒருவரை அனுப்ப விரும்பினார். கம்பெனியின் பேராளர்களில் ஹைதருக்கு நம்பிக்கையில்லை. தம்மை ஏமாற்றமாட்டார் என அவர் நம்பியவர் ஒருவரே. அவர் தரங்கம்பாடி வழியாக வந்து, தஞ்சையிலும் திருச்சியிலும் பணிபுரிந்த ஜெர்மானியப் போதகர் ஸ்வார்ட்ஸ் ஆவார். தமிழோடு பாரசீகமும் உருதுவும் அறிந்த அவருக்கு நடுவில் ஒரு துபாஷி தேவைப்படவில்லை. கரூரை அடைந்து, கொங்கு நாட்டைக் கடந்து, அவர் சீரங்கப்பட்டணம் சென்றார். ஹைதர் அவரை மரியாதையுடன் வரவேற்று, வழிச்செலவுக்கென 300 ரூபாய் கொடுத்தார். அதனை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. சென்னை அரசிடம் ஒப்படைக்க முற்பட்டு, அவர்கள் ஏற்காதபோது தஞ்சையில் ஆதரவற்ற பிள்ளைகளின் பள்ளிக்கு ஒதுக்கினார்.

ஆனால் தூது பயனளித்ததா? இல்லை. சமாதானம் பேச ஆள் அனுப்பிய கம்பெனி, ஹைதரின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அவ்வாண்டிலேயே மாஹேயைக் கைப்பற்றியிருந்தது. 1780இல் பெரும்போர் மூண்டது. தூதர் மெய்யராயினும் அனுப்பியவர் மெய்யராயில்லாவிடில் பயன் யாது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. எனினும் ஸ்வார்ட்ஸின் மெய்ம்மையைப் போரும் அழிக்கவில்லை. தம் படைகள் அவரைத் தடையின்றிச் செல்லவிட வேண்டும் என்று ஹைதர் ஆணையிட்டிருந்தார். சமயம் வேறு, நாடு வேறு; நம்பிக்கை மட்டும் நின்றது.

1799க்குப் பின் கொங்கு நாடு கம்பெனியின் கைக்கு வந்தது. அத்தொடக்க ஆண்டுகளில் கலெக்டரின் இருப்பிடமாகப் பவானி விளங்கியது. கலெக்டர் வில்லியம் காரோ 1804இல் சங்கமேசுவரர் கோயில் அம்மனுக்கு அளித்த தந்தக் கட்டிலை நம்மூரார் அறிவர். அதே காரோவின் ஆட்சிக்காலத்தின் மற்றொரு பக்கத்தைப் பலர் அறியார். மாவட்டக் கருவூலத்தின் பொறுப்பிலிருந்த காசிச் செட்டி, கலெக்டருக்கும் குடிகளுக்கும் இடையே தமக்கிருந்த இடத்தைப் பயன்படுத்திப் பெரும் முறைகேடுகள் செய்தமை தாமஸ் மன்றோவும் ஜான் சல்லிவனும் நடத்திய விசாரணையில் வெளிப்பட்டது. காரோவின் பெயரும் களங்கமுற்றது. குடியானவரின் குரல் ஆட்சியாளரின் செவியை அடைய ஒரே ஒரு வாசல் இருந்து, அவ்வாசலில் நிற்பவர் நேர்மையற்றவராயின், ஒரு மாவட்டமே வாயடைத்துப் போகும்.

மலாக்காவின் முன்ஷி

நம் சமுதாயத்தவர் அறிந்து மகிழத்தக்க ஒருவரையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். மலாய் இலக்கியத்தின் புதுயுக முன்னோடி எனப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லாஹ் 1796இல் மலாக்காவில் பிறந்தார். அவர் முப்பாட்டனார் ஏமன் நாட்டினின்று நாகூருக்கு வந்து, அங்கு மணமுடித்துத் தங்கியவர். பாட்டனார் மலாக்காவுக்குக் குடிபெயர்ந்து, மீரா லெப்பை என்பாரின் மகள் பெரியாச்சியை மணந்தார். மலாக்காவில் வணிகத்தின் மொழியாகத் தமிழ் விளங்கியதால், அப்துல்லாஹ்வும் தமிழ் கற்றார். அரபும் மலாயும் ஆங்கிலமும் அறிந்தார். இளமையிலேயே ராஃபிள்ஸிடம் எழுத்தராகச் சேர்ந்தார். 1838இல் ஆங்கிலேயரின் கடிதங்களோடு கிளந்தானுக்கு மொழிபெயர்ப்பாளராகச் சென்று, அப்பயணத்தை நூலாக எழுதினார்.

கிறிஸ்தவப் போதகர்களுக்கு மலாய் கற்பித்து, அவர்தம் மொழிபெயர்ப்புகளுக்கும் உதவியதால், ஊரார் அவரைப் பாதிரி அப்துல்லாஹ் என்று ஏளனம் செய்தனர். மறுபுறம், அதே போதகர்களோடு அவர் சொற்களின் பொருத்தம் பற்றி வாதிட்டார். மலாய் மொழியின் இயல்புக்கு மாறான நடையை அவர் ஏற்க மறுத்தார். இரு புறமும் பழி வந்தபோதும் சொல்லில் சமரசம் செய்யாத அவர், முஸ்லிமாகவே வாழ்ந்து, 1854இல் ஹஜ் பயணத்தின்போது மறைந்தார்.

முடிவுரை

இவ்வரலாறுகளைத் தொகுத்து நோக்கின், மூன்று உண்மைகள் புலனாகும். மொழியறிவு எளியவரையும் உயர்த்தும். அவ்வாறு உயர்ந்தவரை இரு தரப்பாரும் ஐயுறுவர். இடர் வரும்போது முதலில் தண்டனை பெறுபவரும் அவரே. ஆதலின் அவருக்குத் துணை பட்டமும் பல்லக்கும் அல்ல; கேட்டதைக் கேட்டவாறு கூறினார் என்னும் நற்பெயர் ஒன்றே.

நம்மிடம் ஒருவர் ஒப்படைத்த பொருளை நாம் அமானிதம் என்கிறோம். ஒருவர் தமக்குத் தெரியாத மொழியில் கூறுமாறு நம்மிடம் ஒப்படைத்த சொல்லும் அமானிதமே. அதில் கூட்டவும் குறைக்கவும் நமக்கு உரிமையில்லை. நல்லெண்ணத்தோடு செய்யினும் இல்லை. மானத்தைக் காக்க வேண்டுமாயின், மருத்துவரிடம் தாழ்ந்த குரலில் கூறலாம். சுற்றியிருப்போரை விலகச் சொல்லலாம். சொல்லை மட்டும் மாற்றலாகாது.

மாணவரிடம் இதனையே கூறினோம். மறுநாள் அவர் அத்தொழிலாளியை மீண்டும் அழைத்துச் சென்று, நடந்ததை மருத்துவரிடம் சொன்னார். மருத்துவர் சற்றுக் கடிந்துகொண்டு, புதிய மருந்துச் சீட்டைக் கிழித்துவிட்டு, முன்னைய மாத்திரைகளையே எழுதித் தந்தார். அவை விலை குறைந்தவை. ஐந்து நாட்களுக்கான மாத்திரைகளையும் அத்தொழிலாளியால் வாங்க முடிந்தது.

இன்று பவானியிலும் ஈரோட்டிலும் தறிக்கூடங்களில் இந்தியும் ஒடியாவும் பேசுவோர் பலர் உழைக்கின்றனர். வங்கியிலும் காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும் அவர்களுக்காகப் பேச நம் மாணவர்களை அழைக்கின்றனர். பட்டமும் ஊதியமும் இல்லாத துபாஷிகள் இவர்கள். ஆனந்தரங்க பிள்ளையின் காலத்தில் துபாஷியின் சொல்லை நம்பி அரசுகள் இருந்தன. இன்று நம் மாணவரின் சொல்லை நம்பி ஓர் ஏழையின் உடல்நலம் இருக்கிறது. இரண்டிலும் பொறுப்பு ஒன்றே என்பதை நம் மாணவச் செல்வங்கள் உணர்வார்களாக.